தமிழ்க் கையேடுகளில் கோடிட்ட இடங்கள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயந்திரங்களோடு வரும் தமிழ்க் கையேடுகள் படித்துப் புரிந்துகொள்ளும்படி இல்லை என்று வாசகர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தமிழ் சரியாகத் தெரியவில்லை என்பது அவர் கண்ட காரணம். மொரீசியசில் ஒரு சர்க்கரை ஆலையின் பொறியியல் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கையேடுகள் தொகுத்து ஓய்வுபெற்றவன் நான். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் பழி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்று எண்ணுவதால் இதை எழுதுகிறேன். ‘சக்கரம் ஐக் கழற்றவும்’ என்று ஒரு கையேட்டில் அச்சாகியிருந்தால், தமிழ் பேசும் எவரும் அதை அப்படி எழுதியிருக்கமாட்டார். ‘……ஐக் கழற்றவும்’ என்ற வாக்கியத்தை ஒருவர் மொழிபெயர்த்துத் தந்திருப்பார். ‘சக்கரம்’ என்ற சொல்லை வேறொருவர், வேறொரு பட்டியலில், வேறொரு நாளில் மொழிபெயர்த்திருப்பார். இரண்டையும் கணினி சேர்த்து அச்சுக்கு அனுப்பியிருக்கும். பள்ளியில் நமக்குத் தந்த ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்ற பயிற்சியை இயந்திரத்திடம் கொடுத்தால் இதுதான் விளையும்.

அப்படியானால் கோடிட்ட இடத்தை ஏன் விடுகிறார்கள் என்று கேட்கலாம். சோம்பலால் அல்ல. நீண்ட கையேடு ஒன்றை எழுதியவர்களுக்குத்தான் அந்தத் தேவை தெரியும். எங்கள் ஆலையில் பம்புகளுக்கு மட்டும் இருந்த பராமரிப்புக் கையேடு நானூறு பக்கங்களைத் தாண்டும். ஒவ்வொரு பம்பையும் திறப்பதற்கு முன் மோட்டாரை நிறுத்த வேண்டும், மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும், பூட்டில் பெயர் அட்டை மாட்ட வேண்டும், குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். இந்த நான்கு வரிகள் அந்தக் கையேட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வரும். வரத்தான் வேண்டும். ‘14ஆம் பக்கத்தில் உள்ள எச்சரிக்கையைப் பார்க்கவும்’ என்று எழுதிவிட்டால், கையெல்லாம் கிரீசோடு நிற்கும் ஃபிட்டர் பக்கம் புரட்டிப் பார்க்கமாட்டார். வேலை நடக்கும் இடத்தில், வேலை தொடங்கும் வரிக்கு மேலே, எச்சரிக்கை முழுமையாக இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் நாங்கள் எல்லோரையும்போல் நகலெடுத்து ஒட்டினோம். எழுதும்போது அது எளிது. துன்பம் திருத்தும்போது வரும். இங்கே கரும்பு அறுவடை ஜூன் மாதம் தொடங்கி டிசம்பர் வரை நீளும். அந்த மாதங்களில் ஆலை இரவு பகலாக ஓடும். கரும்புச் சக்கையை எரித்து எடுக்கும் நீராவியில்தான் ஆலையும் இயங்கும், மின்சாரமும் பிறக்கும். மீதியுள்ள மாதங்களில் எல்லா இயந்திரங்களையும் பிரித்துப் பழுதுபார்ப்பார்கள். அப்படி ஓர் ஆண்டு வால்வுகள் சிலவற்றை மாற்றியபோது, அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தின் உச்ச அளவு குறைந்தது. கையேட்டில் பழைய எண் இருந்த இடங்களையெல்லாம் தேடித் திருத்தினேன். இரண்டு இடங்கள் தப்பிவிட்டன. ஓரிடத்தில் எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே யாரோ கூடுதலாக ஓர் இடைவெளி விட்டிருந்தார். மற்றோரிடத்தில் எண்ணை எழுத்தால் எழுதியிருந்தார். தேடலில் இரண்டும் அகப்படவில்லை. அறுவடைக் காலத்தின் முதல் வாரத்தில், இரவு ஷிப்டில், திருத்தப்படாத பக்கத்தைப் பார்த்தே ஒருவர் சோதனை ஓட்டம் செய்தார். மேற்பார்வையாளர் அழுத்தமானியைக் கவனித்து நிறுத்தச் சொன்னதால் யாருக்கும் காயம் ஏற்படவில்லை. அந்தப் பக்கத்தின் கீழே, தொகுத்தவர் என்ற இடத்தில், என் கையொப்பம் இருந்தது. அதை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பொதுப் பத்தி முறைக்கு மாறினோம். முறை எளியது. திரும்பத் திரும்ப வரும் ஒரு பத்தியை ஒரே ஓர் இடத்தில் எழுதி அதற்கு ஓர் அடையாளப் பெயர் கொடுக்க வேண்டும். மற்ற இடங்களில் பத்தியை எழுதாமல் பெயரை மட்டும் குறிக்க வேண்டும். அச்சுக்குப் போகும் நேரத்தில் கணினி அந்தப் பெயர் உள்ள இடத்திலெல்லாம் முழுப் பத்தியையும் கொண்டுவந்து வைக்கும். எழுதுபவர் ஒரே இடத்தில் திருத்துகிறார்; படிப்பவரோ தாம் நிற்கும் பக்கத்திலேயே முழுவதையும் படிக்கிறார். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1986இல் ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்பின் தரமாக வந்த, உரைக்குள் குறியீடுகள் இட்டு எழுதும் எஸ்.ஜி.எம்.எல். குறிமொழியிலேயே, பெயரிட்டு வைத்த உரையைப் பெயர் சொல்லி அழைக்கும் வசதி இருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாகி 2005இல் ஓயாசிஸ் என்ற தரங்கள் வகுக்கும் அமைப்பின் தரமாக ஏற்கப்பட்ட டிடா (DITA) என்ற முறை, இதையே கையேடு எழுதுவதன் நடுநாயகமாக வைத்தது. விமானங்களின் பராமரிப்பு நூல்களுக்கான எஸ்1000டி தரமும் இந்த வழியில் செல்வதே. இவற்றுள் எதையும் வாங்க இயலாதவர்கள், சாதாரண எழுத்துக் கோப்புகளை ஒன்றுக்குள் ஒன்று சேர்க்கும் இலவசக் கருவிகளைக் கொண்டும் இதைச் செய்யலாம்.

உண்மையில் நம் இலக்கண ஆசிரியர்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே செய்திருக்கிறார்கள். நன்னூல் சொல்லும் 32 உத்திகளுள் ‘மாட்டெறிந்து ஒழுகல்’ ஒன்று. ஓரிடத்தில் சொன்ன விதியை மற்றோரிடத்துக்கும் பொருத்திக் கொள்ளச் சொல்வது அது. ஆகாரத்தில் முடியும் சொற்கள் அகரத்தில் முடிவனவற்றின் இயல்பையே உடையன என்று தொல்காப்பியம் ஒரே வரியில் சொல்லி, முன்னர் விரித்த விதிகளையெல்லாம் அங்கே வரவழைத்துவிடுகிறது. மனப்பாடமாக நூல் வைத்திருந்த மாணவருக்கு அந்த ஒரு வரி போதும். எங்கள் ஃபிட்டருக்கு அது போதாது என்பதால்தான் விரித்து வைக்கும் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கிறோம்.

இனி, அந்த வாசகரின் வருத்தத்துக்கு வருகிறேன். பொதுப் பத்தி என்பது எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? ஒரு சொல்லா, ஒரு தொடரா, ஒரு வாக்கியமா, ஓர் இயல் முழுவதுமா? ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் ஒற்றைச் சொல் அளவுக்கு இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் மொழியில் பம்பு என்பது எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் அதே உருவத்தில் நிற்கும். ஆகவே பாகத்தின் பெயருக்கு இடம் விட்டு ஒரே வாக்கியத்தை ஐம்பது பாகங்களுக்குப் பயன்படுத்த முடிகிறது. பிரெஞ்சிலேயே அது இடறிவிடும். இங்கே கையேடுகளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதுவது எங்கள் வழக்கம். பிரெஞ்சில் பெயருக்கு முன் வரும் சிறு சொல் பெயருக்கேற்ப மாறும்: பம்புக்கு முன் ‘லா’ வரும், மோட்டாருக்கு முன் ‘லெ’ வரும், உயிரொலியில் தொடங்கும் சொல்லானால் இரண்டும் தேய்ந்து ‘ல’கரமாக ஒட்டிக்கொள்ளும். நாங்கள் வேலையிடத்தில் பேசும் கிரியோல் மொழியிலோ எந்தப் பெயரானாலும் பின்னால் ஒரே ஒரு ‘லா’ தான். அதுவும் கோடிட்ட இடத்தை வருத்தமின்றி ஏற்கும் மொழி.

தமிழ் ஏற்காது. இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்ததில்லை, செய்து கெட்டு அறிந்தேன். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஃபிட்டர்களும் வெல்டர்களும் சில ஆண்டுகள் எங்களோடு பணிபுரிந்தார்கள். அவர்களுக்காகப் பாதுகாப்புப் பகுதியை மட்டும் தமிழில் தரும்படி என்னிடம் கேட்டார்கள். கோவிலில் மாலை வகுப்புகளிலும், பின்னர் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் நான் கற்ற தமிழுக்கு ஒரு வேலை கிடைத்த மகிழ்ச்சியில், ஆங்கில வாக்கியங்களை அவற்றின் கோடிட்ட இடங்களோடு அப்படியே தமிழாக்கினேன். ‘……ஐக் கழற்றுவதற்கு முன் மின்னிணைப்பைத் துண்டிக்கவும்.’ இந்த ஒரு கோட்டில் வந்து அமர வேண்டிய பெயர்களைப் பாருங்கள். பம்பு என்பது பம்பை ஆகும், உகரம் போய்விடும். மூடி என்பது மூடியை ஆகும். நடுவே யகரம் வரும். சக்கரம் என்பது சக்கரத்தை ஆகும். மகரம் கெட்டு அத்துச் சாரியை வரும். தகடு என்பது தகட்டை ஆகும், டகரம் இரட்டிக்கும். போல்ட் என்ற வேற்றுமொழிச் சொல்கூட போல்ட்டை என்று இரட்டித்துத்தான் வாய்க்கு வருகிறது. இத்தனைக்கும் வேற்றுமை உருபு ஒன்றே ஒன்றுதான். இனி ‘இல்’, ‘இன்’, ‘உடன்’, ‘இலிருந்து’ ஆகியவற்றையும் சேர்த்து, அடுத்து வரும் சொல் வல்லினத்தில் தொடங்கினால் ஒற்று மிகுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கோட்டை நிரப்ப, சொற்கள் சேரும்போது நேரும் மாற்றங்களைச் சொல்லும் புணரியல் முழுவதும் வேண்டியிருக்கும்.

முதல் தாளை அச்சிட்டுக் கொடுத்தபோது அந்த இளைஞர்களில் ஒருவர், “ஐயா, இது தமிழ் மாதிரிதான் இருக்கு, ஆனா இங்கிலீஷ் தாளையே குடுத்துடுங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இதிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. நம் முன்னோர் கடிதத்திலும் பத்திரத்திலும் கையாண்ட வழி அது. ‘திரு. …… அவர்களுக்கு’ என்று எழுதும்போது, பெயர் எதுவாயினும் உருபு ‘அவர்கள்’ என்ற சொல்லில் போய் ஏறிக்கொள்கிறது. பெயர் உருக்குலையாமல் நிற்கிறது. அதேபோல் ‘…… என்ற பாகத்தைக் கழற்றவும்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை வராது. பாகங்களின் பட்டியலிலும் அட்டவணைகளிலும் நானே இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் எச்சரிக்கையில் இது உதவாது. ‘மூடியைத் திறக்காதே’ என்பதில் உள்ள வேகம் ‘மூடி என்ற பாகத்தைத் திறக்காதே’ என்பதில் இல்லை. ஆபத்தைச் சொல்லும் வரி சுற்றி வளைத்துப் பேசக் கூடாது.

ஆகவே நான் வந்து சேர்ந்த முடிவு இது: தமிழில் பகிர்ந்துகொள்ளத் தக்க மிகச் சிறிய அளவு, முற்றுப்புள்ளி வைத்த முழு வாக்கியம். பம்புக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று எனத் தனித்தனியே எழுதி வைத்தால் பத்து வாக்கியங்கள் ஐம்பதாகும் என்பது உண்மைதான். அந்த ஐம்பதையும் ஒரு முறை எழுதினால் போதும், ஒரு முறை சரிபார்த்தால் போதும். பிறகு நூறு இடங்களில் பிழையின்றி வரும். எண்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். ‘6 பார் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது’ என்பதில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) எண் மாறினாலும் உருபு ‘அழுத்தம்’ என்ற சொல்லிலேயே இருப்பதால் வாக்கியம் கலையாது. ‘4 போல்ட்’ என்று ஒருமையிலேயே சொல்லவும் தமிழ் இடம் தருகிறது; ஒன்றா பலவா என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு முறையும் படும் தொல்லை நமக்கு இல்லை. பெயர்களில் நமக்குள்ள கடினத்தை எண்களில் நம் மொழி ஈடுசெய்துவிடுகிறது.

முழு வாக்கியமாக இருந்தால் மட்டும் போதாது, அது தனித்து நிற்கவும் வேண்டும். ‘மேற்கூறிய’, ‘கீழ்க்கண்ட’, ‘முன்பு போலவே’, ‘மீண்டும்’ ஆகிய சொற்கள் பொதுப் பத்தியில் நுழையவே கூடாது. எழுதிய இடத்தில் அவை சரியாக இருக்கும். வேறோர் இயலின் தொடக்கத்தில் போய் நின்றால் மேலே கூறியது எதுவுமே இருக்காது. ‘அது’, ‘அதன்’ என்பவற்றையும் இப்படியே தவிர்க்க வேண்டும். சொன்ன பெயரையே திரும்பச் சொல்வது கட்டுரையில் குறையாகத் தோன்றலாம். கையேட்டில் அது கடமை.

இந்த முறைக்கே உரிய ஒரு தீங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நகலெடுத்து ஒட்டுவதில் ஒரு தவறு ஓரிடத்தில் தங்கும். பொதுப் பத்தியில் ஒரு தவறு எல்லா இடங்களுக்கும் போகும். மொரீசியஸ் தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1998இல் வெளியிடப்பட்ட ரூபாய்த் தாள்களில், அச்சான மொழிகளின் வரிசைமுறையில் தமிழ் எழுத்துக்கு வழிவழியாக இருந்த இடம் மாறியது. எல்லாத் தாள்களுக்கும் பொதுவான அமைப்பில் நேர்ந்த மாற்றம் என்பதால் அது ஒரு தாளோடு நிற்கவில்லை. எங்கள் சமூகம் எழுப்பிய எதிர்ப்புக்குப் பிறகு, பழைய வரிசைமுறையோடு 1999இல் புதிய தாள்கள் அச்சிடப்பட்டன. பொதுவானதில் கைவைப்பவர், அது எங்கெங்கே போய் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எங்கள் கையேட்டிலும் அப்படி ஒன்று நேர்ந்தது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டிகளின் உள்ளே மின்தேக்கிகள் இருக்கும். மின்சாரத்தை அணைத்த பிறகும் அவற்றில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், சிறிது நேரம் காத்திருந்துதான் மூடியைத் திறக்க வேண்டும். சிறிய பெட்டிக்குச் சில நிமிடங்கள் போதும். பெரியவற்றுக்கு அதைவிட அதிக நேரம் தேவை. ‘5 நிமிடங்கள் காத்திருக்கவும்’ என்ற பொதுப் பத்தி, பெரிய பெட்டியின் இயலிலும் வந்து நின்றுவிட்டது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தகட்டில் 15 நிமிடங்கள் என்று இருந்ததை மின்பிரிவு நண்பர் ஒருவர் கண்டு சொன்னார். இரண்டு இடங்களிலும் சொற்கள் ஒன்றாக இருந்ததைப் பார்த்துச் செய்தியும் ஒன்று என்று எண்ணிவிட்டேன். இன்று தற்செயலாக ஒத்திருக்கும் இரண்டு வாக்கியங்கள் நாளை பிரிய நேரலாம் என்றால், அவற்றை இன்றே தனித்தனியாக வைத்திருப்பதுதான் முறை. பத்தி ஒன்றாகவும் எண் மட்டும் இயந்திரத்துக்கேற்ப வேறாகவும் இருக்க வேண்டிய இடங்களுக்கு, டிடா முறையின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த சாவிச்சொல் ஏற்பாடு நல்ல தீர்வு. பத்தியில் சாவிச்சொல்லை மட்டும் எழுதிவிட்டு, அதற்குரிய எண்ணை அந்தந்தக் கையேட்டின் அமைப்புக் கோப்பில் தரலாம்.

இதன் பின் நாங்கள் கடைப்பிடித்தவற்றில் நான்கை மட்டும் குறிப்பிடுகிறேன். மற்றவை இடத்துக்கு இடம் மாறுபடும். ஒவ்வொரு பொதுப் பத்திக்கும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. அவர் ஒப்பாமல் ஒரு காற்புள்ளியும் மாறாது. திருத்துவதற்கு முன், அந்தப் பத்தி பயன்படும் இடங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வோரிடத்திலும் புதிய வரி பொருந்துகிறதா என்று படித்துப் பார்ப்போம். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தாண்டிக் குதிக்கும் நாளில்தான் விபத்து நடக்கும். அடையாளப் பெயரில் எண்ணைச் சேர்க்கமாட்டோம். ‘5 நிமிட எச்சரிக்கை’ என்று பெயர் வைத்த பத்திக்குள் 15 நிமிடங்கள் என்று எழுத நேர்ந்தால், அடுத்து வருபவர் எதை நம்புவார்? ‘மின்தேக்கி காத்திருப்பு’ என்று வேலையைக் கொண்டு பெயர் வைத்தால் அந்தக் குழப்பம் இல்லை. பொதுப் பத்திக்குள் மற்றொரு பொதுப் பத்தியை அழைப்பதையும், இயன்றவரை, நான் அனுமதிக்கவில்லை. மூன்று அடுக்கு ஆழத்தில் இருக்கும் ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒருமுறை அரை நாள் செலவிட்ட அனுபவம் அதற்குக் காரணம்.

இவை ஆலைக்காரர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. எங்கள் ஊர்க் கோவிலில் தைப்பூசக் காவடிக்கு முன் பத்து நாள் விரத விதிகளை அச்சிட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் சென்ற ஆண்டின் தாளை எடுத்துத் தேதிகளை மட்டும் மாற்றுவது வழக்கம். ஓராண்டு கொடியேற்றத்தின் தேதி தலைப்பில் மாறியது, உள்ளே ஓரிடத்தில் மாறவில்லை. எந்த நாளில் விரதம் தொடங்குவது என்று பல வீடுகளில் குழப்பம். இப்போது விதிகள் ஒரு கோப்பிலும் தேதிகள் மற்றொரு கோப்பிலும் இருக்கின்றன. தேதி ஓரிடத்தில்தான் எழுதப்படுகிறது. இதற்கு விலை கொடுத்து எந்த மென்பொருளையும் வாங்கவில்லை.

தமிழில் கையேடும் செயலியும் ஆக்கித் தரும் நண்பர்களுக்கு இந்தக் கடிதத்தின் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கோடிட்ட இடங்களோடு ஒரு பட்டியல் மொழிபெயர்ப்புக்கு வந்தால், அதை ஏற்றுக்கொண்டு பழியையும் ஏற்காதீர்கள். அந்தக் கோட்டில் என்னென்ன சொற்கள் வரும் என்று எழுதிக் கேளுங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியமாக எழுத அனுமதி கேளுங்கள். கொடுப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. பம்பு எப்படிப் பம்பையாகிறது என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நான்கைந்து எடுத்துக்காட்டுகளோடு சொன்னபோது, எங்கள் அலுவலகத்தில் தமிழே அறியாத பொறியாளர்களும் புரிந்துகொண்டு கூடுதல் நாட்கள் தந்தார்கள்.

அந்த ஃபிட்டர்களுக்காக நான் பின்னர் திருத்தி எழுதிய பாதுகாப்பு வாக்கியங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கும். மின்சாரம், நீராவி, சுழலும் பாகங்கள், உயரத்தில் வேலை எனத் தலைப்பு வாரியாக, ஒவ்வொன்றும் முழு வாக்கியமாக, அடையாளப் பெயரோடு என்னிடம் உள்ளன. ஃபிட்டர்கள் வாய்விட்டுப் படித்து, புரியாத சொற்களை மாற்றச் சொல்லி, நான் மாற்றிய பிறகு நின்றவை அவை. தங்கள் அலுவலகம் வழியாக யார் கேட்டாலும் விலையின்றி அனுப்பி வைக்கிறேன். பெறுபவர்கள் ஏதேனும் ஒரு வாக்கியத்தைத் திருத்தினால், எதை, ஏன் திருத்தினார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதினால் போதும். என்னிடம் உள்ள மூலத்திலும் அதைத் திருத்திக்கொள்வேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கையேட்டுத் தொகுப்பாளர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்.